குடிநோயும் மீளும் வழியும்

தமிழில் 'குடிகாரன்' என்பது வசைச்சொல். 'குடிநோயாளி' என்பது மருத்துவம் தந்த சொல். முன்னதால் அழைக்கப்படுபவன் தண்டனைக்கு உரியவனாகிறான். பின்னதால் அழைக்கப்படுபவன் சிகிச்சைக்கு உரியவனாகிறான். எச்சொல்லை நாம் எடுத்தாளுகிறோம் என்பதில் ஒரு குடும்பத்தின் வாழ்வே அடங்கியிருக்கக் கூடும்.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வையாது பொருட்பாலில், 93ஆம் அதிகாரமாக வைத்தார். அதனை அடுத்தது சூது. அதற்கும் அடுத்தது மருந்து. குடி தனிமனித ஒழுக்கத்தோடு நில்லாது இல்லத்தின் பொருளையும் உடலின் நலத்தையும் ஒருங்கே அழிப்பதாகலின் இவ்வைப்புமுறை பொருத்தமுடையதே. மதுவை முற்றாக விலக்கிய இசுலாத்திலும் அவ்விலக்கு படிப்படியாகவே அருளப்பெற்றது என்பது அறிஞர் கருத்து. தமிழகத்தில் 1937இல் சேலம் மாவட்டத்தில் இராசாசி மதுவிலக்கைக் கொணர்ந்தார். 1971இல் அது தளர்த்தப்பெற்றது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் நிறுவனத்தின் வசமாயிற்று. சட்டங்கள் மாறிமாறி வந்தன. நோயின் இயல்பு மட்டும் மாறவில்லை.

அவ்வியல்பு யாது? மது மூளையின் இயக்கத்தைத் தளர்த்துவது. நாள்தோறும் அருந்துபவரின் மூளை அத்தளர்ச்சியை ஈடுசெய்யத் தன்னை மிகுதியாக முடுக்கிக்கொள்ளப் பழகுகிறது. முன்னர் மயக்கம் தந்த அளவு பின்னர்ப் போதாமற் போகிறது. மதுவை நிறுத்தியவுடன் அம்முடுக்கம் தடையின்றி எழுகிறது. கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை ஆகியன சில மணி நேரத்தில் தொடங்குகின்றன. சிலருக்கு முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பும், அதன்பின் இல்லாததைக் காணும் மனக்குழப்பமும் நேரும். இந்நிலை உயிரையே பறிக்கக் கூடியது. ஆதலின் நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவரை வீட்டில் அடைத்து வைத்து, "இன்றோடு நிறுத்து" என்பது மருத்துவமன்று. மருத்துவர் மேற்பார்வையில், உரிய மருந்துகளோடும் தயமின் என்னும் 'பி1' உயிர்ச்சத்தோடும் நிறுத்துவதே முறை.

மற்றொரு தவறும் நம்மிடையே உண்டு. 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கச் செய்யும்' பொடிகள் விளம்பரப்படுத்தப்படுகின்றன. அவற்றில் என்ன கலந்துள்ளது என்பதை வாங்குபவர் அறியார். மதுவோடு சேர்ந்தால் உடலில் கடும் எதிர்விளைவை உண்டாக்கும் டைசல்ஃபிரம் என்னும் மருந்து உண்டு. அதனை நோயாளி அறிந்து, இசைந்து, மருத்துவர் கண்காணிப்பில் உட்கொள்ள வேண்டும். சோற்றிலும் குழம்பிலும் மறைத்துக் கொடுத்தால், அவர் வழக்கம்போல் குடிக்குங்கால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஊறு நேரலாம்.

உடலிலிருந்து மதுவை அகற்றுவது முதற்படி மட்டுமே. மனத்திலிருந்து அகற்றுவதே நெடும்பணி. இதற்குத் தமிழகத்திலேயே சிறந்த சான்று உண்டு. குடிநோயால் தம் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை நிறுவினார். அதன் டி.டி.கே. மருத்துவமனையில் மருந்தோடு மனநல ஆலோசனையும், குடும்பத்தாருக்குத் தனிப் பயிற்சியும், தொடர் கண்காணிப்பும் இணைந்த முறை வளர்ந்தது. பணியின் பயன் நகரத்தோடு நின்றுவிடாமல் மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களுக்கும் முகாம்களாகச் சென்றது. ஊர்ப் பெரியவர்கள் முன்னின்றால் சிகிச்சை ஊர்தேடி வரும் என்பதற்கு இது சான்று. வாரக்கூலியை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த ஆலங்குளம், இராசபாளையம், திருவில்லிபுத்தூர்ப் பகுதிகளுக்கு இம்முறை பெரிதும் ஏற்றது.

1935இல் அமெரிக்காவில் இரு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாகித் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் இயக்கம் இன்று தமிழகத்திலும் கூட்டங்கள் நடத்துகிறது. இதில் கட்டணம் இல்லை; பெயரை வெளியிடுவதும் இல்லை. மீண்டவர் மீள விழைபவருக்குக் கைகொடுக்கிறார். இடையில் ஒருவர் மீண்டும் குடித்துவிட்டால் அதனைத் துரோகமாகக் கருதாது, நீரிழிவில் சர்க்கரை ஏறியதைப்போல் நோயின் மறுவரவாகக் கருதி மீண்டும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும்.

குடும்பத்தார் செய்யத்தக்கன சில உள. போதையில் இருப்பவரிடம் வாதிடற்க. தெளிந்திருக்கும் காலையில் அன்போடும் உறுதியோடும் பேசுக. அவர்தம் கடனை அடைத்தலும், பணியிடத்திற்குப் பொய்க்காரணம் சொல்லி மறைத்தலும் நோயையே வளர்க்கும். அடியும் வசையும் நேர்ந்தால், 'நோய்தானே' என்று பொறுத்திருக்க வேண்டுவதில்லை. பெண்டிரும் பிள்ளைகளும் முதலில் தம் பாதுகாப்பைத் தேடிக்கொள்வது குற்றமாகாது.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் இத்தகைய இல்லங்களிலிருந்து வருகின்றீர்கள் என்பதை ஆசிரியராகிய நாங்கள் அறிவோம். தந்தையின் குடிக்கு நீங்கள் காரணம் அல்லீர். உங்கள் மதிப்பெண்ணோ நடத்தையோ அதனை உண்டாக்கவில்லை. அதனை நீங்கள் தனியொருவராய்ச் சுமக்கவும் வேண்டா. நம்பிக்கைக்குரிய ஓர் ஆசிரியரிடம் சொல்லுங்கள். 14446 என்னும் தேசியக் கட்டணமில்லா உதவி எண்ணையும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் நாடலாம்.

பெரியோர்களே! பள்ளிவாசலிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் குடியின் தீமையை எடுத்துரைக்கும் நாம், குடியை விட்டு வருபவனுக்கு ஒரு வேலையும் ஒரு நல்ல சொல்லும் தர ஆயத்தமாக இருக்கிறோமா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மருத்துவமனை வாயிலைத் தாண்டி வெளியே வருபவனுக்கு மீதிச் சிகிச்சையைத் தர வேண்டியது ஊர்தான்.