‘நம்மாளு’ என்றொரு சொல்

சாத்தூர் பேருந்து நிலையத்தில் காராச்சேவுப் பொட்டலத்தோடு நிற்கும் வெளியூர்க்காரரிடம் பேச்சுக் கொடுப்பவர், ‘தம்பிக்கு எந்த ஊரு?’ என்று ஆரம்பிப்பார். ஊரைச் சொன்னால், ‘அங்கன எந்தத் தெரு?’ என்பார். அதற்கும் பிடி கொடுக்காவிட்டால், ‘என்ன ஆளுக?’ என்று நேராகவே கேட்டுவிடுவார். பதில் ஒத்துப்போனால் முகம் மலரும்: ‘அட, நம்மாளு!’

நம் ஆள் என்பதுதான் நம்மாளு. கேட்கப் பாசமாக இருக்கும். ஆனால் தேர்தல் வந்து ‘நம்மாளு நிக்கிறாரு’ என்றால், நம் சாதிக்காரர் என்று அர்த்தம். எழுத்துத் தமிழில் இதற்குப் பட்சபாதம் என்று பெயர். வடமொழியில் பட்சம் என்றால் சிறகு, பக்கம். பாதம் என்றால் விழுதல். ஒரு பக்கமாய்ச் சாய்ந்து விழுவதே பட்சபாதம். தமிழில் விளிம்பைக் குறிக்கும் ‘ஓரம்’ என்ற சொல்லும் ஒருதலைச் சார்பைக் குறிக்கும். ஓரவஞ்சனை என்கிறோமே, அதில் இருப்பது இந்த ஓரம்தான்.

நம்மாளு என்ற உணர்வே தீங்கு என்று சொல்ல முடியாது. விருதுநகர் நாடார் உறவின்முறை, மகமை என்னும் பொதுநிதி திரட்டி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சத்திரிய வித்தியாசாலையை நிறுவியது. காமராசர் படித்த அந்தப் பள்ளியில் மற்ற சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் இருந்தது.

அதே உணர்வு எதிர்த்திசையில் போனதையும் இந்த மாவட்டம் கண்டிருக்கிறது. 1899இல் சாதிக் கலவரத்தில் சிவகாசி சூறையாடப்பட்டது. 1997இல் இங்கே ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு தேவேந்திரகுலத்தில் பிறந்த கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியபோது, அந்தப் பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஒரு சாரார் மறுத்தனர், கலவரம் மூண்டது. கடைசியில் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே அரசு நீக்கியது. அப்போதுதான் காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது.

1957இலும் 1962இலும் காமராசரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது சாத்தூர். 1967இல் சொந்த ஊரான விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற இளைஞரிடம் அவர் தோற்றார். நன்றிகெட்ட ஊர் என்று இன்றும் திட்டுகிறார்கள். முடிவு சரியா, தவறா என்பது தனி வழக்கு. அரிசிப் பஞ்சமும் இந்தி எதிர்ப்பும் பெரிதாக நின்ற அந்த ஆண்டில், ‘நம்மாளு’ என்ற ஒன்று மட்டும் ஓட்டாகிவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

கல்யாண வீட்டில் நம்மாளு பார்ப்பது அவரவர் விருப்பம். அரசு அலுவலகத்திலும் வாக்குச்சாவடியிலும் அதற்கு வேலை இல்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ‘என்ன ஆளுக?’ என்று கேட்காதீர்கள், ‘என்ன செஞ்சீக?’ என்று கேளுங்கள்.