ஃபெனிட்டாயினும் பரோட்டா மாஸ்டரும்

வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடும் தன் அண்ணனுக்கு டோஸைக் கொஞ்சம்தான் கூட்டினார்களாம். ரத்தத்தில் அளவு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டதாம். லேப்பில் தப்பா என்று கேட்கிறார் ஒரு வாசகர். லேப் பாவம். கல்லீரலில் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதிக்கு உச்ச வேகம் ஒன்று உண்டு. வழக்கமான டோஸே அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது; அதனால் கொஞ்சம் கூட்டினாலும் மருந்து தேங்கிவிடும்.

நொதியின் வேகத்துக்கான சமன்பாட்டை 1913-ல் பெர்லினில் லியோனோர் மைக்கேலிஸும் மாட் மென்டனும், சர்க்கரையை உடைக்கும் இன்வெர்டேஸை வைத்து நிலைநாட்டினார்கள். பத்தாண்டு முன்பே விக்டர் ஆன்றி ஏறக்குறைய இதையே எழுதியிருந்தார்; பெயர்தான் அவருக்கு ஒட்டவில்லை. வரலாறு இவ்வளவு போதும்.

நொதியைப் பரோட்டா மாஸ்டராகவும், ரத்தத்திலுள்ள மருந்தைக் காத்து நிற்கும் கூட்டமாகவும் வைத்துக்கொள்வோம். கூட்டத்தைப் பார்த்தால்தான் கை வேகமெடுக்கும். அவரைப் பற்றி இரண்டு எண்கள் வேண்டும்: உச்ச வேகம் எவ்வளவு, எத்தனை பேர் காத்து நின்றால் அதில் பாதி வேகத்துக்கு வருவார். கடை வாசலில் ஆறு பேர் நிற்கிறார்கள். மாஸ்டர் கெட்டிக்காரர், ஆனால் கூட்டம் சேராமல் அசையமாட்டார் என்றிருக்கலாம். சுறுசுறுப்பானவர், ஆனால் கை அவ்வளவுதான் ஓடும் என்றும் இருக்கலாம். வாசலில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பூஞ்சை மருந்தான ஃப்ளூகோனசோல் அதே நொதியைப் பிடித்துக்கொள்ளும். அது கொத்து பரோட்டா கேட்டுக் கல்லையே அடைத்துக்கொள்ளும் ஆசாமி. சால்னா யார் என்று கேட்காதீர்கள்.

இனி எண்கள். நாளுக்கு 300 மில்லிகிராம் டோஸில் ரத்தத்தில் லிட்டருக்கு 6 மில்லிகிராம் என்று வைப்போம். நாளுக்கு உச்ச வேகம் 450, பாதி வேக அளவு 3 என்று போட்டால் 6 வருகிறது. 500, 4 போட்டாலும் 6. 600, 6 போட்டாலும் அதே 6. இப்போது டோஸை 400 ஆக்குங்கள். முதலாமவருக்கு 24, அடுத்தவருக்கு 16, மூன்றாமவருக்கு 12! பொதுவாக 10 முதல் 20 வரைதான் சரியான அளவு. 24-க்குப் போனவருக்கு நடை தள்ளாடலாம்.

கணினியில் உருவாக்கிய ‘உடலின் டிஜிட்டல் இரட்டை’ பரிசோதனை முடிவோடு கச்சிதமாகப் பொருந்தியது என்று செய்தி வந்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அந்த ஆறோடு மூன்று பேருமே கச்சிதமாகப் பொருந்தினார்களே.

நேர்மையான மாடல்காரர்கள் உச்ச வேகம், பாதி வேக அளவு என்ற ஒரே ஜோடியை நம்புவதில்லை. தரவோடு ஒத்துப்போகும் ஆயிரக்கணக்கான ஜோடிகளை ஓட்டிப் பார்த்து, விடையை ஒரு பட்டையாகச் சொல்கிறார்கள். ஜோடியைப் பிரிக்கக் கூடாது என்பது முக்கியம். 450-ஐயும் 6-ஐயும் தனித்தனியே பொறுக்கிச் சேர்த்தால் 400 டோஸுக்கு 48 என்று வந்து நிற்கும். அந்தக் கலவை 300-லேயே 12 காட்டி, கையிலிருக்கும் ரிப்போர்ட்டோடு முரண்படுகிறது.

வேறொரு டோஸில் இன்னொரு முறை ரத்தம் எடுத்தால் மாஸ்டர் யாரென்று ஓரளவு பிடிபடும். டாக்டர்கள் சிறுகச் சிறுகக் கூட்டிப் பரிசோதிப்பது அதனால்தான். ஆனால் உச்சத்தை நெருங்க நெருங்க அளவு நிலைப்பட வாரக்கணக்காகும். மூன்றாம் நாளே எடுத்தால் குறைத்துக் காட்டி ஏமாற்றும்.