நெருக்கடிப் பணியாளரும் உடன்பணியர் உளத்துணையும்

பிறர்க்கு நேரும் இடரை எதிர்கொள்வதையே தம் தொழிலாகக் கொண்டோர் நெருக்கடிப் பணியாளர் எனப்படுவர். தீயணைப்போர், காவலர், 108 ஊர்திப் பணியாளர், பேரிடர் மீட்புப் படையினர் ஆகியோர் இவ்வகையுள் அடங்குவர். இவர்களுள் ஒருவர் முறையான பயிற்சி பெற்று, தம்மோடு ஒரே வகைக் களத்தில் நிற்கும் தோழரின் உளச்சுமையைத் தொடக்கத்திலேயே கண்டுணர்ந்து, செவிமடுத்து, தேவை நேரின் உளநல மருத்துவரிடம் சேர்ப்பிப்பதே உடன்பணியர் உளத்துணை. இவ்விலக்கணத்தின் உறுப்புகளுள் எதனையும் நீக்குதல் இயலாது. பயிற்சி நீங்கின் எஞ்சுவது வெறும் நட்பு. ஒரே வகைக் களம் என்பது நீங்கின் எஞ்சுவது பொதுவான ஆற்றுப்படுத்தல். மருத்துவரிடம் சேர்ப்பித்தல் நீங்கின் எஞ்சுவது கேடு.

இப்பணியாளர் தாங்கும் சுமையை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது, ஒரே நாளில் வந்து மோதும் பேரதிர்வு. 2014 சூன் 28 அன்று சென்னையின் மேற்கே மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டபோது, இடிபாட்டுக்குள் நாள்கணக்கில் உயிர்தேடிய மீட்பர் எதிர்கொண்டது இவ்வகை. இரண்டாவது, சிறுகச் சிறுகச் சேர்வது; செய்தித்தாளில் இடம்பெறாதது. ஆவடியை அடுத்த புறநகராகிய பட்டாபிராமையே எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதை ஊரை ஊடறுத்துச் செல்கிறது. ஆவடியிலிருந்து திருத்தணி நோக்கி நெடுஞ்சாலை ஓடுகிறது. வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் வெளிவட்டச் சாலை அருகிலுள்ள நெமிலிச்சேரியில் வந்து சேர்கிறது. பாதையைக் கடப்போர் தொடர்வண்டியில் அடிபடுவதும், இருசக்கர ஊர்தியோர் சரக்குந்தின் கீழ்ச் சிக்குவதும் இத்தகைய புறநகர்களில் அரியன அல்ல. அவ்வுடலங்களைத் திரட்டும் காவலருக்கும், குருதி படிந்த ஊர்தியைக் கழுவி அடுத்த அழைப்புக்கு அணியமாகும் 108 பணியாளருக்கும் அது ஒரு நாள் நிகழ்வன்று, பணியின் இயல்பு. மூன்றாவது சுமையைப் பணியமைப்பே தருகிறது: மறுக்கப்படும் விடுப்பு, முடிவில்லா இரவுப்பணி, உயரலுவலரின் கடுஞ்சொல். களத்தின் கொடுமையைப் பொறுத்துக்கொண்டோர் பலர் இம்மூன்றாவதில் உடைகின்றனர் என்பது துறையினர் அறிந்ததே.

இனி, உடலில் நிகழ்வதைக் காண்போம். இடர் தோன்றிய நொடியில் மூளையின் அச்சக் கருவாகிய அமிக்தலா கிளர்கிறது. அதன் ஏவலால் அண்ணீரகச் சுரப்பிகள் விரைப்புநீரை (அட்ரினலினை) குருதியில் கலக்கின்றன. நெஞ்சு விரைந்து துடிக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன, செரிமானம் தளர்கிறது. இடர் நீங்கியபின் இவையெல்லாம் அடங்குதல் இயற்கை. பெரும்பாலோர்க்கு மருத்துவமின்றியே அடங்கவும் செய்கின்றன. சிலர்க்கு மட்டும் காட்சி மீள மீளத் தோன்றலும், நினைவூட்டும் இடத்தை விலக்கலும், உறக்கம் கெடுதலும், சிற்றொலிக்கும் திடுக்கிடலும் ஒரு திங்களைக் கடந்தும் நீடிக்கின்றன. பேரதிர்வுப் பின்னோய் எனத்தகும் இந்நிலையை அமெரிக்க உளமருத்துவர் கழகம் 1980-இல் தனி நோயாக வகுத்தது.

இயல்பாக அடங்குவது எது, அடங்காமல் நிற்பது எது என்னும் இப்பாகுபாட்டை மறந்ததால் ஒரு நல்ல எண்ணம் நெடுங்காலம் வழிதவறியது. தீயணைப்பிலும் விரைவு மருத்துவத்திலும் பட்டறிவுடைய மிட்செல் என்னும் அமெரிக்கர், கொடு நிகழ்வுக்குப் பின் பணிக்குழுவை ஒருங்கமர்த்தி, நிகழ்ந்ததையும் எண்ணியதையும் உணர்ந்ததையும் படிப்படியாகச் சொல்லவைக்கும் நிகழ்வு மீளுரை முறையை 1983-இல் முன்வைத்தார். அது உலகெங்கும் பரவியது. பல துறைகளில் கட்டாயமும் ஆயிற்று. ஆனால் கொக்ரேன் ஆய்வுத்தொகுப்பு 2002-இல் சான்றுகளை நிறுத்துப் பார்த்தபோது, ஒரே அமர்வில் நிகழும் மீளுரை பின்னோயைத் தடுக்கவில்லை எனவும், சிலர்க்கு அதனை மிகுவித்திருக்கலாம் எனவும், கட்டாயப்படுத்துதல் கைவிடத்தக்கது எனவும் முடிவு கூறியது. தொகுக்கப்பட்ட ஆய்வுகள் நேர்ச்சிகளில் சிக்கிய தனியாள்களைப் பற்றியனவே, குழுக்களைப் பற்றியன அல்ல என்று மிட்செல் வழியினர் மறுப்பர், அம்மறுப்பில் பொருளுண்டு. ஆயினும், ஆறத் தொடங்கிய புண்ணை ஆணையிட்டுத் திறத்தல் ஆகாது என்பதே என் துணிபு. உலக நலவாழ்வு அமைப்பு 2011-இல் பிற அமைப்புகளோடு வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும், சொல்ல விழைவோரைக் கேட்கச் சொல்கிறது. சொல்லும்படி எவரையும் நெருக்கவேண்டாம் என்கிறது.

உடன்பணியர் துணையும் இந்நெறியின்மேல் நிற்பது. 17 நாடுகளைச் சேர்ந்த 92 வல்லுநர் கருத்தொருமித்து 2012-இல் வெளியான வழிகாட்டு நெறிகள், துணைவர் களப்பட்டறிவு மிக்கவராகவும், தோழரால் மதிக்கப்படுபவராகவும், தேர்ந்து பயிற்றப்பட்டவராகவும் இருத்தல் வேண்டும் என்றன. கேட்டதை மறைகாத்தல் வேண்டும். ஒருவர் தன்னுயிரையோ பிறர் உயிரையோ போக்கக்கூடும் என்னும் அச்சம் தோன்றுமிடத்து அம்மறைகாப்புத் தளரலாம். அவ்வெல்லையை முன்கூட்டியே சொல்லிவிடல் நேர்மை. துணைவர்க்கும் துணை வேண்டும் என்பதை அந்நெறிகள் மறக்கவில்லை.

நம் மண்ணில் இதற்கு அணித்தான முயற்சி காவல்துறையினுடையது. தமிழ்நாட்டுக் காவல்துறை 2018-இல் பெங்களூரிலுள்ள நிம்கான்சு உளநல மருத்துவ நிறுவனத்துடன் கைகோத்து, காவலர்க்கும் அவர்தம் இல்லத்தார்க்குமான நிறைவாழ்வுப் பயிற்சியைத் தொடங்கியது. காவலருள்ளேயே பயிற்றுநரை உருவாக்கி, அவர் வாயிலாகவே ஏனையோர்க்குக் கற்பித்ததே அதன் சிறப்பு. சீருடை அணிந்தவரின் சொல் சீருடை அணிந்தவரின் செவியில் எளிதில் ஏறும். எனினும் வகுப்பு வேறு, துணை வேறு. வகுப்பு முடிந்து கலைகிறது. துணையோ இரவு இரண்டு மணிக்கு இருப்புப்பாதையிலிருந்து திரும்பும் காவலர்க்கு மறுநாள் காலையிலும் அடுத்த கிழமையிலும் கிட்டவேண்டுவது. ஆவடி மாநகரக் காவல் 2022 சனவரியில் தனி ஆணையரகமானபின், பட்டாபிராம் போன்ற நிலையங்கள் அதன்கீழ் வந்தன. நிலையத்துக்கு இருவரை, அதிலும் ஆய்வாளர் அல்லாதவராக, உளத்துணைவராகப் பயிற்றுதல் பெருஞ்செலவில்லாத செயல். ஆய்வாளரை விலக்குவதன் பொருள் வெளிப்படை: விடுப்பையும் பணிமாற்றத்தையும் கையில் வைத்திருப்பவரிடம் எக்காவலரும் தம் உறக்கமின்மையைச் சொல்லார்.

தீயணைப்போர்க்கும் காவலர்க்கும் கூடியமரும் பாசறை உண்டு. 2008-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 பணியிலோ, ஓர் ஊர்தியில் ஓட்டுநரும் மருத்துவ உதவியாளருமாக இருவரே செல்கின்றனர். கண்ட காட்சியும் இருவர்க்கும் ஒன்றே, சோர்வும் ஒன்றே. ஆகவே அவர்க்குரிய துணைவர் அதே ஊர்தியில் இருத்தல் இயலாது. பக்கத்து ஊர்தியைச் சேர்ந்தவராக, அதே நாளில் பணியில் இல்லாதவராக இருத்தல் வேண்டும். பணிமுறைப் பட்டியல் எழுதும்போதே அப்பெயரையும் உடன் எழுதிவிடலாம்.