மீனம்பாக்கம் டு மிங்களாடோன்... ஆயா ஊர் எவ்வளவு தூரம்?

சாயந்திரமானால் எம்.கே.பி. நகர், வியாசர்பாடி பக்கம் அத்தோ கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். நூடுல்ஸோடு வறுத்த வெங்காயம், பூண்டு, புளித்தண்ணீர் சேர்த்துக் கையால் பிசைந்து தரும் அத்தோ, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களோடு கப்பலேறி வந்தது. அப்படி வந்த குடும்பங்களில் பேரப்பிள்ளைகள் கேட்பதுண்டு: "ஃபிளைட்ல போனா ரங்கூன் எவ்ளோ நேரம் ஆயா?"

பதில் ஆச்சரியமானது. மீனம்பாக்கத்திலிருந்து யாங்கூனின் மிங்களாடோன் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 1,770 கிலோமீட்டர்தான். டெல்லிக்கும் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான்! வங்காள விரிகுடாவை நேராகக் கடந்தால் இரண்டரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம்.

கடிகாரம் மட்டும் கொஞ்சம் குழப்பும். மியான்மர் நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் முந்தியது. இங்கே காலை 10 மணிக்குக் கிளம்பினால், அங்கே இறங்கும்போது பகல் ஒன்றரை. திரும்பும்போது அங்கே 10 மணிக்கு ஏறினால், இங்கே பதினொன்றரைக்கே வந்துவிடலாம். பயண நேரம் மாறவில்லை. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம், அவ்வளவுதான்.

ஆனால், நேரடி விமானம் நினைத்த நாளில் கிடைக்காது. பாங்காக் வழியாகப் போனால் முதலில் 2,230 கிலோமீட்டர் கிழக்கே பறந்து, பிறகு 610 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். மூக்கைச் சுற்றித் தொடுகிற கதைதான். மொத்தத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். நடுவில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் அரை நாளுக்கு மேலேயே போய்விடும். டிக்கெட் எடுக்கும்போது பறக்கும் நேரத்தைப் பார்க்காதீர்கள், மொத்தப் பயண நேரத்தைப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. எம்.கே.பி. நகரிலிருந்து மீனம்பாக்கம் நகரத்தின் மறுகோடி. டிராஃபிக்கில் மாட்டினால் ஒன்றரை மணி நேரம். வெளிநாட்டு விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகவே போக வேண்டும். ஆக, வானத்தில் இருப்பதைவிடத் தரையில்தான் நேரம் அதிகம்! வண்ணாரப்பேட்டைக்குப் போய் மெட்ரோ பிடிப்பது புத்திசாலித்தனம்.

2021 ராணுவ ஆட்சிக்குப் பிறகு அங்கே நிலவரம் சரியில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டே விசா வேலையைத் தொடங்க வேண்டும்.

1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருடங்களில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாகின. பிழைப்பு போன தமிழர்கள் நாள்கணக்கில் கப்பலில் வந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். சேர்த்த நகையையும் பணத்தையும் கொண்டுவர அனுமதி இல்லை. இங்கே மனசு ஒட்டாமல் மணிப்பூர் வழியாக நடந்தே பர்மாவுக்குத் திரும்பக் கிளம்பியவர்களும் உண்டு. எல்லையில் தடுக்கப்பட்டு, மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, இட்லி கிடைக்கிறது. அந்த எல்லையிலிருந்து யாங்கூன் இன்னும் 800 கிலோமீட்டருக்கு மேல்.