வாயும் தொண்டையும்: மாணவர் பந்தய ஊர்தியில் த்ராட்டில் பாடித் தேர்வும் எஞ்சின் மேம்பாடும்

ஆய்வுச்சுருக்கம்

பொறியியல் கல்லூரி மாணவர்கள் உருவாக்கும் எடை குறைந்த பந்தய ஊர்திகளில் எஞ்சினுக்குச் செல்லும் காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுடைய ஒரே கழுத்தின் வழியே செல்லவேண்டும் என்பது விதி. இவ்விதியின்கீழ் த்ராட்டில் பாடியின் அளவை எவ்வாறு தீர்மானிப்பது, எஞ்சின் மேம்பாடுகளை எவ்வரிசையில் மேற்கொள்வது என்பவற்றை இக்கட்டுரை கணக்கீடுகளின் துணைகொண்டு விளக்குகிறது. த்ராட்டிலின் அளவு எஞ்சினோடு வந்த உதிரிபாகத்தைக் கொண்டு அன்று, காற்றுப்பாதையின் மிகக் குறுகிய இடத்தைக் கொண்டே முடிவுசெய்யப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: த்ராட்டில் பாடி, ரெஸ்ட்ரிக்டர், பிளீனம், மாணவர் பந்தய ஊர்தி, அறிவியல் தமிழ்.

1. முன்னுரை

சென்னை வட்டாரத்திற்கும் மோட்டார் பந்தயத்திற்குமான உறவு நெடியது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்தியது. பூந்தமல்லியைக் கடந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்த இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளமுள்ள பந்தயத்தடம் 1990இல் பயன்பாட்டிற்கு வந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800 மகிழுந்தின் சிறிய எஞ்சினைக் கொண்டு பார்முலா மாருதி எனும் ஒற்றை இருக்கை ஊர்தியை வடிவமைத்து, குறைந்த செலவில் பந்தயம் சாத்தியம் எனக் காட்டினார். அவர் பெயரால் அமைந்ததே கோவை செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே.

அதே தடத்தில் இன்று பார்முலா பாரத் எனும் மாணவர் போட்டி நடைபெறுகிறது. 1981இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பார்முலா எஸ்.ஏ.இ. போட்டி மரபின் இந்திய வடிவங்களுள் இதுவும் ஒன்று. இப்போட்டிகளுக்கு ஊர்தி செய்யும் சென்னை மாணவர்களுக்கு மேற்குப் புறநகர் ஒரு பெரும் வசதி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல், சி.என்.சி., பற்றவைப்புப் பட்டறைகள் அடுத்தடுத்து உள்ளன. லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்களால் பாடியும், கனரக ஊர்தித் தொழிற்சாலையால் ஆவடியும் ஊர்தித்தொழில் சார்ந்த இடங்களாயின. எனவே, ஒரு பாகத்தைச் செய்துகொள்வது இங்கு அரிதன்று. எந்த அளவில் செய்வது என்பதே வினா.

இவ்வினா போட்டிக்களத்திலும் எழுப்பப்படுகிறது. வடிவமைப்புச் சுற்றில் நடுவர்கள், “ஏன் இந்த அளவு?” என்று கேட்பர். “எஞ்சினோடு வந்தது”, “சென்ற ஆண்டு அணியினர் வைத்தது” என்பன விடைகள் ஆகா. இவற்றுக்கான விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடைப்பதால், பட்டறையில் தமிழில் பேசி முடிவெடுக்கும் மாணவருக்குக் கணக்கு ஒருபுறமும் கைவேலை மறுபுறமுமாகப் பிரிந்து நிற்கின்றன. இவ்விடைவெளியைச் சிறிதேனும் குறைப்பது இக்கட்டுரையின் நோக்கம். பட்டறையில் வழங்கும் சொற்களே இங்கு எடுத்தாளப்படுகின்றன.

2. காற்றுப்பாதையின் அமைப்பு

இயல்பாகக் காற்றை உறிஞ்சும் எஞ்சினில் காற்று முதலில் வடிகட்டி வழியாக த்ராட்டில் பாடிக்குள் நுழைகிறது. த்ராட்டில் பாடி என்பது, மிதியை அழுத்தும்போது திரும்பும் வட்டத்தட்டு ஒன்றைத் தன்னுள் கொண்ட குழாய். அதனை அடுத்து ரெஸ்ட்ரிக்டர் எனப்படும் 20 மி.மீ. கழுத்து. அதன்பின் காற்று தங்கும் அறையாகிய பிளீனம்; அங்கிருந்து ரன்னர் எனும் குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் காற்று செல்கிறது. த்ராட்டில், ரெஸ்ட்ரிக்டர், எஞ்சின் எனும் இவ்வரிசையை மாற்ற விதி இடம்தராது. பெட்ரோல் எஞ்சினின் கொள்ளளவு 710 கன செ.மீ.க்கு மேற்படக்கூடாது என்பதும் விதி.

இதனை உடலோடு ஒப்பிட்டால் த்ராட்டில் வாய், ரெஸ்ட்ரிக்டர் தொண்டை. தொண்டை குறுகியிருக்க, வாயை எவ்வளவு அகலத் திறந்தாலும் உட்செல்லும் அளவு கூடாது. இதுவே இனி வரும் கணக்குகளின் சாரம்.

3. தொண்டையின் எல்லை

20 மி.மீ. கழுத்தின் பரப்பு 314 சதுர மி.மீ. அதன் வழியே காற்றின் வேகம் ஒலியின் வேகத்தை எட்டியதும், அப்பால் எஞ்சின் எவ்வளவு இழுத்தாலும் காற்றின் நிறை கூடுவதில்லை. 30 பாகை செல்சியசில், கடல்மட்டக் காற்றழுத்தத்தில் அந்த உச்ச அளவு நொடிக்கு ஏறத்தாழ 74 கிராம்.

இரு எஞ்சின்களை இவ்வெல்லையோடு ஒப்பிடலாம். நான்கு சிலிண்டர் கொண்ட 600 கன செ.மீ. மோட்டார்சைக்கிள் எஞ்சின், சிலிண்டர் முழுமையாக நிரம்புவதாகக் கொண்டால், நிமிடத்திற்கு 12,000 சுற்றில் நொடிக்குச் சுமார் 70 கிராம் காற்றைக் கேட்கும். அது எல்லையைத் தொட்டுவிடுகிறது. கே.டி.எம். 390 வண்டியின் 373 கன செ.மீ. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் 9,000 சுற்றில் கேட்பதோ சராசரியாக 33 கிராம் மட்டுமே. அதாவது எல்லையில் பாதிக்கும் குறைவு.

இதைக் கண்டு ஒற்றைச் சிலிண்டருக்கு ரெஸ்ட்ரிக்டர் தடையே அன்று என முடிவுசெய்தல் பிழையாகும். நான்கு வீச்சுகளுள் ஒன்றில் மட்டுமே எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. ஆகவே, உறிஞ்சும் கணத்தில் அதன் தேவை சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு, அதாவது 130 கிராம் அளவு. கழுத்தால் அதனை அக்கணத்தில் தர இயலாது. எஞ்சின் உறிஞ்சாத மூன்று வீச்சுகளிலும் காற்றைச் சேர்த்துவைத்து நான்காவதில் வழங்கவே பிளீனம் வேண்டப்படுகிறது. அது சிறிதாயின் மேல்சுற்றுகளில் ஆற்றல் குறையும். மிகப் பெரிதாயின் மிதியை அழுத்தியபின் எஞ்சின் எழக் காலம் பிடிக்கும். கழுத்துக்குப் பின்னுள்ள குழாய் மெல்ல விரிய வேண்டும். திடீரென விரிந்தால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து அழுத்தத்தை இழக்கும்.

4. வாயின் அளவு

373 கன செ.மீ. எஞ்சினோடு வரும் த்ராட்டில் பாடி 46 மி.மீ. விட்டமுடையது. தடையற்ற மோட்டார்சைக்கிளுக்கு அது பொருத்தமானது. ஆனால் 20 மி.மீ. கழுத்துக்கு முன் அதனை வைத்தால் என்ன நிகழும்? தட்டு θ பாகை திரும்பும்போது திறக்கும் பரப்பு, முழுப்பரப்பில் (1 – கொசைன் θ) பங்கு எனத் தோராயமாகக் கொள்ளலாம். தட்டைத் தாங்கும் தண்டின் தடிமன் இங்கு விடப்பட்டுள்ளது. திறந்த பரப்பு, கழுத்தின் 314 சதுர மி.மீ.க்குச் சமமாகும் கோணங்கள் வருமாறு:

46 மி.மீ. – பரப்பு 1,662 ச.மி.மீ. – கழுத்தைப்போல் 5.3 மடங்கு – 36 பாகை
38 மி.மீ. – பரப்பு 1,134 ச.மி.மீ. – 3.6 மடங்கு – 44 பாகை
32 மி.மீ. – பரப்பு 804 ச.மி.மீ. – 2.6 மடங்கு – 52 பாகை
28 மி.மீ. – பரப்பு 616 ச.மி.மீ. – 2.0 மடங்கு – 61 பாகை

46 மி.மீ. த்ராட்டிலில் மிதியின் முதல் 40 விழுக்காட்டுக்குள்ளேயே வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. எஞ்சிய 60 விழுக்காட்டில் ஓட்டுநரின் காலுக்கு எஞ்சின் தரும் விடை மிகக் குறைவு. ஓட்டுநரோடு சேர்ந்தும் 300 கிலோ அளவே உள்ள ஊர்தி, நெருங்கிய வளைவுகளைக் கொண்ட தடத்தில் ஓடும்போது இதன் விளைவு கடுமையானது. வளைவிலிருந்து வெளியேறுகையில் கால் சிறிது கூடினாலும் பின்சக்கரம் வழுக்கும்.

எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினிக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. ஒற்றைச் சிலிண்டரில் காற்றழுத்தம் துடித்துக்கொண்டே இருப்பதால், எரிபொருள் அளவை த்ராட்டில் கோணத்தைக் கொண்டு அமைப்பது வழக்கம். பயனுள்ள கோணம் முழுவதும் 36 பாகைக்குள் அடங்கினால், ஒரு பாகைப் பிழையும் கலவையை வெகுவாக மாற்றும்.

அவ்வாறாயின் மிகச் சிறியதே நன்றா? அன்று. உச்ச ஓட்டமாகிய 74 கிராம் செல்லும்போது காற்றின் வேகம் 46 மி.மீ.யில் நொடிக்கு 38 மீட்டர், 32 மி.மீ.யில் 79; 28 மி.மீ.யில் 103. அவ்வேகத்திற்குரிய இயக்க அழுத்தம் முறையே 0.8, 3.6, 6.2 கிலோபாஸ்கல். இது முழுவதும் இழப்பன்று. தட்டும் தண்டும் ஓட்டத்தைக் குலைக்கும் பங்கு மட்டுமே இழப்பு. எனினும் அளவு குறையக் குறைய அவ்விழப்பு விரைந்து ஏறுகிறது. எனவே, இழப்பைப் பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவுகளுள் மிகச் சிறியதைத் தேர்வதே முறை. மேற்கண்ட எண்களின்படி 30 முதல் 34 மி.மீ. வரையிலான த்ராட்டில் இத்தகைய ஊர்திக்குப் பொருந்தும் எனலாம்.

பெரிய த்ராட்டிலையே பயன்படுத்தும் கட்டாயம் நேர்ந்தால், கேபிள் சுற்றும் உருளையை வட்டமாக அன்றி, தொடக்கத்தில் ஆரம் மிகுந்தும் பின்னர்க் குறைந்தும் அமையுமாறு கடையலாம். தொடக்கத்தில் தட்டு மெல்லத் திரும்பும்; குறை ஓரளவு நீங்கும்.

5. மேம்பாடுகளின் வரிசை

முதலாவது, எடைக்குறைப்பு. 290 கிலோ மொத்த எடையில் 10 கிலோ குறைந்தால் எடைக்கேற்ற ஆற்றல் 3.6 விழுக்காடு உயரும். 30 கிலோவாட் எஞ்சினில் இது ஒரு கிலோவாட் கூடுவதற்கு ஒப்பாகும். எடைக்குறைப்பு வளைவிலும் நிறுத்தலிலும் பயன்தரும். கூடுதல் ஆற்றல் அவ்வாறு தராது.

இரண்டாவது, எரிபொருள் மற்றும் தீப்பொறி நேர அமைப்பு. இங்கு இடம் சார்ந்த நுட்பம் ஒன்று உண்டு. கடல்மட்டத்தை ஒட்டிய அம்பத்தூரில் அமைத்த ஊர்தி, 400 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள கோவையில் ஓடவேண்டும். அங்குக் காற்றழுத்தம் ஏறத்தாழ 5 விழுக்காடு குறைவு. கழுத்து தரும் உச்ச நிறையும் அதே அளவு குறையும். வெப்பநிலை வேறுபாடும் இதனோடு சேரும். காற்றழுத்த, வெப்பத் திருத்தம் இல்லாத அமைப்பில் அங்குக் கலவை பிசகும். உதிரிபாகம் எதுவும் வாங்காமலே தவிர்க்கக்கூடிய இழப்பு இது.

மூன்றாவது, அழுத்த விகிதம். காற்று வரம்புக்குட்பட்டது என்பதால், கிடைத்த காற்றிலிருந்து மிகுதியான வேலையைப் பெறுவது பொருளுடையது. கோட்பாட்டு நிலையில் விகிதத்தை 11இலிருந்து 12ஆக உயர்த்தினால் வெப்பத்திறன் சுமார் 2 விழுக்காடு கூடும். ஆயினும் வெயிற்காலச் சென்னையில் ‘நாக்கிங்’ எனும் தட்டல் எரிவுக்கான வாய்ப்பும் உடன் கூடும்.

நான்காவது, கேம் தண்டு மாற்றம். மேல்சுற்றுகளில் நிறைய காற்றைக் கேட்கும் கேம், கழுத்தின் தடையோடு மோதுகிறது. நடுச்சுற்றுகளின் இழுவிசையைக் காக்கும் கேமும் அதற்கேற்ற ரன்னர் நீளமுமே இங்கு வேண்டப்படுவன.

இறுதியாக, டர்போ. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் எல்லையில் பாதிக்கும் குறைவாகவே பயன்படுத்துவதால் டர்போவுக்கு இடம் உண்டு. ஆனால் அப்போது ரெஸ்ட்ரிக்டர், டர்போ, த்ராட்டில் என விதிப்படி வரிசை மாறும். மேற்கண்ட த்ராட்டில் கணக்கும் அடியோடு மாறும். வெப்பம், எண்ணெய்ப் போக்கு, கலவை ஆகியவற்றைக் கையாளும் பட்டறிவு பெறாத அணிக்கு, ஏறத்தாழ 22 கி.மீ. நெடுந்தொலைவுச் சுற்றில் ஊர்தி நடுவழியில் நின்றுவிடும் அபாயம் உண்டு. ஓராண்டு உழைப்பும் மாணவர்கள் திரட்டிய பணமும் அந்த ஒரு சுற்றில் அடங்கியுள்ளன என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

6. முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களால் அறியப்படுவன: காற்றின் உச்ச அளவைத் தீர்மானிப்பது த்ராட்டில் அன்று, 20 மி.மீ. கழுத்தே. ஒற்றைச் சிலிண்டரில் அக்கழுத்தின் தடை சராசரி ஓட்டத்தில் அன்றி உறிஞ்சும் கணத்தில் வெளிப்படுகிறது. பிளீனம் அதற்கான தீர்வு. த்ராட்டிலின் பணி காற்றைக் கூட்டுவது அன்று, ஓட்டுநரின் காலுக்கு அளவோடு கட்டுப்படுவது. எனவே பெரியதை நாடாது, இழப்பு பொறுக்கத்தக்க அளவில் சிறியதைத் தேர்தல் வேண்டும். பணம் செலவிடும் மேம்பாடுகளுக்கு முன் எடைக்குறைப்பும் அமைப்புத் திருத்தமும் இடம்பெற வேண்டும்.

இக்கணக்குகளுக்குப் பரப்பளவு, கொசைன் விகிதம், வகுத்தல் ஆகியவற்றுக்கு மேல் பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை. பட்டறையில் பேசும் மொழியிலேயே இவற்றை எழுதிப் பார்க்கும் மாணவர், “ஏன் இந்த அளவு?” எனும் வினாவிற்கு மனப்பாடம் செய்த விடையைத் தேடவேண்டியதில்லை.