முகவரியைத் தொட்டும் மடல் திறக்கவில்லையா?

கடிதம் எழுதத் தெரிந்தவர் ஒருவர் தோட்டத்தில் இருந்தால், லயத்தில் உள்ளோர் அனைவரும் அவரையே நாடிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. விண்ணப்பத்தை எழுதி, உறையிலிட்டு, தபால் தலை ஒட்டிப் பெட்டியில் சேர்த்த பின்னரே மனம் அமைதியுறும். இன்று அப்பணியைக் கைப்பேசியே செய்கிறது. அரசாங்க நிறுவனங்களின் அகப்பக்கங்களில் மின்னஞ்சல் முகவரி நீல நிறத்தில் காணப்படும். அதனைத் தொட்டால் வெற்று மடல் ஒன்று திறக்கவேண்டும். ஆனால் பல வேளைகளில் அது திறப்பதில்லை. இதன் காரணத்தையும் நீக்கும் வழியையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், கெமாசிலிருந்து ஜொகூர் பாரு செல்லும் இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த ஊர் பாலோ. அவ்வட்டாரத் தோட்டமொன்றில் பால் வெட்டும் தாயார் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மழை பெய்த மறுநாள் சரிவில் வழுக்கி விழுந்து கை முறிந்தது. மருத்துவர் விடுப்புக் கொடுத்துள்ளார். வேலையின்போது நேர்ந்த விபத்தினால், நான்கு நாளுக்குக் குறையாத மருத்துவ விடுப்புப் பெறும் சந்தாதாரருக்குப் பெர்கெசோவின் தற்காலிக இயலாமை உதவித்தொகை உண்டு. அதுபற்றி விசாரிக்க எண்ணிய அவர், அகப்பக்கத்தில் இருந்த முகவரியைத் தொட்டார். திரை ஒருமுறை மின்னியது. மடல் போய்விட்டது என்று நம்பிப் பதிலுக்காகக் காத்திருந்தார். வாரங்கள் கழிந்தன, பதில் வரவில்லை. வருமா? மடலே எழுதப்படவில்லை அல்லவா!

காரணம் யாது?

நீல நிற முகவரி ஒரு மடலன்று. அது ஓர் ஏவல் மட்டுமே. ‘மெயில்டூ’ என்னும் ஆங்கிலச் சொல் அதன் பின்னே மறைந்திருக்கும். 1994-ஆம் ஆண்டு வெளியான இணைய முகவரி விதிகளில் இம்முறை வரையறுக்கப்பட்டது. 1998-லும் 2010-லும் திருத்தம் பெற்றது. “இம்முகவரிக்கு மடல் எழுத உதவும் செயலியைத் திறப்பாயாக” என்பதே அவ்வேவலின் பொருள்.

தோட்ட அலுவலகத்தில் மணியை அடிக்கிறோம் என்று கொள்வோம். மணி ஒலிக்கிறது. ஆனால் கடித வேலைக்கென்று கிராணி எவரும் நியமிக்கப்படவில்லை. அப்படியாயின் யார் எழுந்து வருவார்? அதுபோலவே, மடல் எழுதும் பொறுப்பு எந்தச் செயலிக்கு உரியது என்பதை நம் கருவிக்கு நாம் அறிவிக்கவில்லையெனில், முகவரியைத் தொட்டும் பயன் இராது. பெரும்பாலும் குறை அகப்பக்கத்தில் இல்லை. நம் கருவியின் அமைப்பிலேயே உள்ளது.

கைப்பேசியில் செய்யவேண்டுவன

முதலாவதாக, ஜிமெயில் போன்ற மின்னஞ்சல் செயலி ஒன்று கைப்பேசியில் உள்ளதா எனப் பார்த்திடுக. இல்லையெனில் பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிக் கொள்க. செயலி இருப்பது மட்டும் போதாது; நம் மின்னஞ்சல் கணக்கைக் கொண்டு அதனுள் நுழைந்திருத்தலும் வேண்டும்.

இரண்டாவதாக, முகநூலில் வந்த தொடுப்பின் வழியாக அகப்பக்கத்தைத் திறந்திருந்தால், அச்செயலிக்குள்ளேயே அப்பக்கம் தோன்றியிருக்கக்கூடும். அங்கே முகவரியைத் தொட்டால் பிழைச் செய்தி வருவதுண்டு. அப்பக்கத்தைக் குரோமில் திறந்து மீண்டும் தொட்டுப் பார்த்திடுக.

மூன்றாவதாக, எவ்வழியும் பலிக்கவில்லையெனில் மனந்தளர வேண்டா. முகவரியின்மீது விரலைச் சற்று நேரம் அழுத்தி வைத்தால் ‘காப்பி’ என்னும் சொல் தோன்றும். முகவரியை அவ்வாறு படியெடுத்து, ஜிமெயிலைத் திறந்து, பெறுநர் கட்டத்தில் ஒட்டுக. எந்தக் கருவிக்கும் பொருந்தும் எளிய வழி இதுவேயாகும்.

கணினியில் செய்யவேண்டுவன

விண்டோஸ் 11 கணினியில் செட்டிங்ஸைத் திறந்து, ‘ஆப்ஸ்’, ‘டிபால்ட் ஆப்ஸ்’ எனச் சென்று, தேடும் கட்டத்தில் ‘மெயில்டூ’ என்று ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்க. அங்கே நமக்கு வேண்டிய செயலியைத் தெரிவு செய்யலாம். குரோமில் ஜிமெயிலைப் பயன்படுத்துவோர், முதலில் ஜிமெயில் பக்கத்தைத் திறந்து, முகவரிப் பட்டையின் ஓரத்தில் தோன்றும் சிறு குறியை அழுத்தி இசைவு அளித்தல் வேண்டும். பின்னர் மேற்கூறிய பட்டியலில் குரோமைத் தெரிவு செய்க.

மற்றொரு செய்தியும் அறியத்தக்கது. விண்டோஸுடன் வந்த பழைய ‘மெயில்’ செயலிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2024 டிசம்பர் 31-ஆம் நாளுடன் நிறுத்திக்கொண்டது. முகவரியைத் தொட்டதும் இப்பழைய செயலி திறக்குமாயின், அதன்வழி மடல் செல்லாது. வேறொன்றைத் தெரிவு செய்தல் வேண்டும்.

பொது நூலகம் முதலிய இடங்களிலுள்ள பொதுக் கணினியில் இவ்வமைப்புகளை மாற்ற முற்படாமல், முகவரியைப் படியெடுப்பதே நன்று. வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேற மறத்தலாகாது.

தொட்டால் திறக்காத முகவரிகள்

சில அகப்பக்கங்களில் ‘@’ குறிக்குப் பதிலாக, அடைப்புக்குறிக்குள் ‘அட்’ என்றும், புள்ளிக்குப் பதிலாக ‘டோட்’ என்றும் ஆங்கில எழுத்துகளில் இருக்கும். இது பிழையன்று. முகவரிகளைத் திரட்டிக் குப்பை மடல்கள் அனுப்புவோரைத் தடுக்கும் உபாயமாகும். அவ்விடங்களில் ‘@’ குறியையும் புள்ளியையும் நாமே இட்டு, இடைவெளியின்றி எழுதவேண்டும். 1971-ஆம் ஆண்டு ரே டொம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்டத் தேர்ந்த குறியே ‘@’ ஆகும். அஃது இன்றி மடல் ஊர் போய்ச் சேராது.

பள்ளி, ஆலயம், கூட்டுறவுக் கழகம் ஆகியவற்றுக்கு அகப்பக்கம் அமைக்கும் நம் இளைஞர்களுக்கும் ஒரு சொல்: “இங்கே தொடுக” என்று மட்டும் எழுதி முகவரியை மறைத்துவிடாதீர்கள். முழு முகவரியையும் கண்ணுக்குத் தெரியுமாறு எழுதி, தொலைபேசி எண்ணையும் அருகில் தருக. தொடுப்பு திறக்காதவர்க்கு அதுவே கைகொடுக்கும்.

நினைவிற் கொள்க

1. வெற்று மடல் திறப்பது தொடக்கமே. எழுதி, ‘செண்ட்’ பொத்தானை அழுத்தினாலன்றி மடல் செல்லாது.

2. மருத்துவ விடுப்புச் சான்றிதழ் போன்றவற்றின் படத்தை நாமே இணைத்தல் வேண்டும். அவை தாமாகச் சேரா.

3. அனுப்பிய மடல்களின் பட்டியலில் நம் மடல் உள்ளதா என்று காண்க. முகவரி தவறாயின் ‘மடல் சேரவில்லை’ என்னும் அறிவிப்புத் திரும்பி வரும், அதனையும் கவனித்திடுக.

4. கடவுச்சொல்லையும் வங்கியின் இரகசிய எண்களையும் மடலில் எவர்க்கும் எழுதலாகாது.

அத்தாயார் அனுப்பிய மடல்களின் பட்டியலை அன்றே ஒருமுறை பார்த்திருப்பாராயின், காத்திருந்த வாரங்கள் வீணாகியிரா. உரிமை நமக்கு உண்டு. அதனைக் கேட்கும் குரல் உரிய இடத்தைச் சென்று சேர்ந்ததா என உறுதிசெய்வதும் நம் கடமையே. பள்ளி செல்லும் நம் பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு, இன்று மாலையே நம் கைப்பேசியைச் சோதித்துப் பார்ப்போமாக.