கடலடியின் எதிரொலி

1974-ம் வருஷம் பம்பாய்க்கு மேற்கே கடலில் ‘சாகர் சம்ராட்’ துளையிட்டு எண்ணெய் கண்டபோது தேசமே மகிழ்ந்தது. அக்கீர்த்தியில் பூபௌதிக சாஸ்திரிகளுக்குள்ள பங்கைப் பலர் அறியார். ஏறக்குறைய பத்து வருஷங்களுக்கு முன்னரே ஸோவியத் நிபுணர்களும் நம்மவரும் கப்பலிலிருந்து அதிர்வலைகளைக் கடலடிக்குச் செலுத்தி, பாறை அடுக்குகளில் மோதி அவை திரும்பும் நேரத்தை அளந்து, அங்கே மேடிட்ட பாறையமைப்பு உண்டெனக் கண்டனர். எதிரொலி பாறையின் உருவத்தைக் காட்டுமேயன்றி எண்ணெயைக் காட்டாது, துளையிட்டாலன்றி நிச்சயமில்லை. ஆகவே இத்தொழிலில் ஏமாற்றம் சகஜம். கிணறு வறண்டால் இவர்களைத் தூற்றுவதும், எண்ணெய் பெருகினால் யந்திரத்தை மட்டும் போற்றுவதும் நியாயமல்ல. எண்ணெயில் பெரும்பகுதியை இன்றும் அந்நிய நாடுகளில் வாங்கும் நாம், இவர்களுக்குக் காலமும் பொருளும் தாராளமாக அளிப்பதே விவேகமாகும்.